தூரிகைக்குத் திரும்பும் கோடு: ஜப்பானிய அழகியர் அச்சோவியங்களின் கைவரைப் படிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்ட பெண்களின் படங்களை இன்று கையால் வரைந்து விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வாங்க நினைப்பவர்களும், தாமே வரைந்து பழக நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நானும் இவற்றைப் படியெடுத்துப் பழகுகிறவன் என்பதால் சில இடங்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

'கைவரைப் படி' என்று எதைச் சொல்கிறீர்கள்?

அச்சாக வெளிவந்த ஒரு படத்தைப் பார்த்து, அச்சுப்பலகையோ இயந்திரமோ இல்லாமல், மையையும் வண்ணத்தையும் தூரிகையாலேயே இட்டு வரைந்த படத்தைத்தான் கைவரைப் படி என்கிறேன். இதே பெயரைச் சொல்லிச் சந்தையில் வேறு சிலவும் விற்கப்படுகின்றன. பழைய அச்சைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கி அச்சிடும் மறுசெதுக்கு அச்சு ஒரு வகை; டோக்கியோவில் 1928இல் தொடங்கப்பட்ட அடாச்சி மரச்செதுக்கு நிறுவனம் இதில் பெயர் பெற்றது. அது உயர்ந்த கைத்தொழில்தான், ஆனாலும் அதை வரைந்த படம் என்று சொல்ல முடியாது. கணினி அச்சுப்பொறியில் எடுத்த தாள் இன்னொரு வகை. கான்வாஸ் துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து தருவது மூன்றாவது. சீனாவின் ஷென்சென் நகரையொட்டிய தாஃபென் போன்ற ஊர்களில் உலகின் எந்தப் புகழ்பெற்ற ஓவியத்தையும் இப்படி வரைந்து வாங்கலாம். அதுவும் கையால் வரைந்ததே. ஆனால் தாளின் வெண்மையையே தோலாகக் காட்டும் ஒரு படத்தைத் துணியின் மேல் கனத்த எண்ணெய் வண்ணத்தில் பார்க்கும்போது, மெல்லிய பருத்திச் சேலையைக் கம்பளியில் நெய்ததுபோல எனக்குத் தோன்றும்.

படங்களில் இருக்கும் பெண்கள் யார்?

இவ்வகைப் படங்களுக்கு ஜப்பானிய மொழியில் பிஜின்கா என்று பெயர். பிஜின் என்றால் அழகி, கா என்றால் ஓவியம். எடோ நகரின் கணிகையர் குடியிருப்பான யோஷிவாராவின் பெண்கள், ஆடல் பாடல் கலைஞரான கெய்ஷாக்கள், தேநீர்க்கடைப் பெண்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார், கண்ணாடி முன் கழுத்துக்கு மாவு பூசும் இல்லத்தரசியர் எனப் பலரும் இவற்றில் உண்டு.

பலர் கற்பனைப் பெண்கள் அல்லர், ஊரே அறிந்தவர்கள். ஓவியர் கிதாகாவா உதமாரோ 1793ஆம் ஆண்டளவில் வரைந்த 'இக்காலத்து மூன்று அழகியர்' என்னும் படத்தில் இருப்பவர்கள் இசைக்கலைஞர் தோயோஹினா, அசாகுசா கோயிலருகே நானிவாயா தேநீர்க்கடையில் இருந்த ஓகிதா, தகாஷிமா குடும்பத்து மகள் ஓஹிசா ஆகிய மூவர். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். மூக்கின் வளைவிலும் கண்ணின் சாய்விலும் உள்ள மயிரிழை வேறுபாட்டை விட்டால், அவர்களை அடையாளம் காட்டுவது உடையிலும் அணியிலும் உள்ள குடும்பச் சின்னங்கள்தான். தோயோஹினாவுக்கு ப்ரிம்ரோஸ் பூ, ஓகிதாவுக்குப் பவுலோனியா இலை, ஓஹிசாவுக்கு ஓக் இலை. அதே 1793இல் கணிகையர் அல்லாத பெண்களின் பெயரை அச்சுப்படத்தில் எழுதுவதற்கு அரசு தடை விதித்தது. ஓவியர்கள் பெயரைப் படப்புதிராக வரைந்து தப்பினார்கள். 1796இல் அதற்கும் தடை வந்தது. ஆகவே ஒரு மூலையில் இருக்கும் பூச்சின்னத்தை அலங்காரம் என்று எண்ணிக் குத்துமதிப்பாக வரைந்துவிட்டால், படத்திலிருக்கும் பெண் யாரென்பதே மாறிவிடுகிறது.

மூலமே அச்சு. அதைக் கையால் வரைவதில் என்ன பொருள்?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்த அச்சு உருவான முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எடோ காலத்து அச்சோவியம் நால்வர் கூட்டில் பிறந்தது. பதிப்பாளர் பணம் போட்டார், ஓவியர் வரைந்தார், செதுக்குநர் பலகையை வெட்டினார், அச்சிடுநர் தாளில் எடுத்தார். உதமாரோவின் பெரும்புகழுக்குப் பின்னால் த்சுதாயா ஜூசாபுரோ என்னும் பதிப்பாளரின் கண்ணும் துணிவும் இருந்தன. ஓவியர் மெல்லிய தாளில் கரிய மையால் கோடுகளை மட்டும் வரைந்து கொடுப்பார். அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப்பலகையின் மேல் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடு தெரியும் அளவுக்குத் தாளைத் தேய்த்து மெலிதாக்கி, கோட்டின் இருபுறமும் கத்தியால் வெட்டி, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்ற இடத்தைக் குடைந்தெடுப்பார்கள். செதுக்கி முடிக்கும்போது ஓவியரின் கைவரைவு மரத்தூளோடு போய்விடும்.

இதன் விளைவு விந்தையானது. உதமாரோவின் கோடு என்று நாம் வியந்து பார்ப்பது, செதுக்குநரின் கத்தி இருபுறமும் வெட்டி நிறுத்திய மரவிளிம்பின் தடம். ஓவியரின் தூரிகை அந்தத் தாளைத் தொட்டதே இல்லை. கைவரைப் படி எடுப்பவர் இந்த வழியில் பின்னோக்கி நடக்கிறார்: அச்சிலிருந்து புறப்பட்டு, பலகையில் அழிந்துபோன அந்தத் தூரிகைக் கோடு எப்படி ஓடியிருக்கும் என்று தேடுகிறார். கன்னத்துக் கோடு எங்கே தொடங்கியது, எங்கே மூச்சை அடக்கினார், முகவாயில் தூரிகையைச் சற்று அழுத்தினாரா என்பதெல்லாம் வரைந்து பார்த்தால்தான் விளங்கும்.

அதனால்தான் அச்சுக்கோட்டின் கூர்மையை அப்படியே காட்ட முயலும் படிகள் எனக்குப் பிடிப்பதில்லை. கத்தி வெட்டிய விளிம்பைத் தூரிகையால் போலிசெய்ய வேண்டுமானால் கோட்டை ஒரே ஓட்டத்தில் இழுக்க முடியாது. இரண்டு ஓரங்களையும் வரைந்து நடுவை நிரப்ப வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் அச்சு அச்சாக இருக்கும். அருகில் போனால் உயிரில்லாத கோடு என்பது தெரிந்துவிடும்.

அக்காலத்து ஓவியர்கள் கையாலும் வரைந்தார்களா?

வரைந்தார்கள். பட்டிலும் தாளிலும் நேராகத் தூரிகையால் தீட்டிய இவற்றை நிகுஹித்சு என்பார்கள். அச்சை விட விலை கூடியவை; கேட்பவருக்காக ஒன்றே ஒன்றாக வரைந்து கொடுக்கப்பட்டவை. இந்த அச்சுகளும் ஓவியங்களும் சேர்ந்த உகியோ-எ மரபின் தொடக்கத்தில் நிற்கும் ஹிஷிகாவா மொரோனோபுவின் 'திரும்பிப் பார்க்கும் அழகி' பட்டில் தீட்டிய ஓவியம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1948இல் அஞ்சல்தலையாக வந்து உலகெங்கும் பரவியதால் அதையும் அச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். உதமாரோவே பனி, நிலவு, மலர் என்று மூன்று பேரோவியங்களை வரைந்தார். ஒன்று வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்திலும், மற்றொன்று ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்திலும், நெடுங்காலம் காணாமல்போய்ப் பின்னர் வெளிப்பட்ட பனி ஓவியம் ஹகோனேயில் ஒகாடா அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

அச்சிலும்கூடக் கைவேலை இருந்தது. 1740கள் வரை கருங்கோட்டை மட்டும் அச்சிட்டு, ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் தாள் தாளாகக் கையால் இட்டார்கள். எல்லா நிறத்தையும் பலகையிலிருந்தே எடுக்கும் நிஷிகி-எ முறை 1765இல் சுஸுகி ஹாருனோபுவின் நாட்காட்டிப் படங்களோடுதான் நிலைபெற்றது. ஆகவே தூரிகை இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த கருவி அன்று.

புகழ்பெற்ற யாராவது இப்படிப் படியெடுத்திருக்கிறார்களா?

வின்சென்ட் வான் கோவைச் சொன்னால் போதும். அவரும் தம்பி தியோவும் நூற்றுக்கணக்கான ஜப்பானிய அச்சுகளைச் சேர்த்திருந்தார்கள். 1887இல் பாரிஸில் இருந்தபோது ஹிரோஷிகேயின் இரண்டு இயற்கைக் காட்சிகளையும், கெய்சாய் எய்சென் வரைந்த கணிகை ஒருத்தியின் படத்தையும் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். கணிகைப் படத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது எய்சென்னின் அச்சை அன்று. 1886 மே மாதத்து 'பாரி இலஸ்த்ரே' இதழின் அட்டையில் வந்த அதன் மறுபதிப்பை. அட்டையில் படம் இடவலம் மாறியிருந்தது. வான் கோ அதன் மேல் தாள் வைத்து உருவரையைப் படியெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். படமும் இடவலம் மாறியே நின்றது. சுற்றிலும் மூங்கில், அல்லிக்குளம், தவளை, கொக்கு என்று தாமே ஒரு சட்டத்தைச் சேர்த்தார். அக்காலத்துப் பிரெஞ்சுக் கொச்சையில் கொக்குக்கும் தவளைக்கும் விலைமகள் என்ற பொருளும் உண்டு என்பதை அறிந்தால் அந்தச் சட்டம் வெறும் அழகுக்கு வைத்ததல்ல என்பது புரியும். ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படத்தின் உயரம் 1 மீட்டரைச் சற்றே தாண்டும். கான்வாஸ் எண்ணெய்ப் படிகளைப் பற்றி மேலே குறைசொல்லிவிட்டு இதைப் புகழ்வது முரணாகத் தெரியலாம். அச்சைப்போலத் தோன்ற வேண்டும் என்று அவர் முயலவேயில்லை என்பதுதான் வேறுபாடு.

எந்தத் தாள், எந்த வண்ணம்?

மூல அச்சுகள் ஹோஷோ என்னும் தாளில் வந்தவை. கோஸோ எனப்படும் காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரிலிருந்து கையால் எடுக்கும் தாள் அது. இன்றும் எச்சிசென் பகுதியில் செய்கிறார்கள். தடித்தது, மிருதுவானது, நீரை நன்றாக உறிஞ்சுவது. கைவரைவுக்கு எடுப்பதாக இருந்தால், விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரமும் படிகாரமும் கலந்த நீரை முன்கூட்டியே பூசி உலர்த்த வேண்டும். இந்தப் பூச்சுக்கு தோஸா என்று பெயர். என் முதல் முயற்சியில் இதைச் செய்யாத தாளில் தொடங்கினேன். பிடரிக்கு மேலே இட்ட முதல் முடிக்கோடே பூரான்போல் இருபுறமும் கால் விட்டுப் பரவியது. அன்று வீணானது ஒரு தாள் மட்டும் அன்று. அந்தக் கட்டிலிருந்த தாள் எதுவும் பூச்சில்லாதது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று தாள் ஆயிற்று.

வண்ணங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் நமக்குத் தமிழில் பெயர் தெரிந்தவை. கரி மை, அவுரி நீலம், குசும்பாப் பூவின் சிவப்பு, மஞ்சள் கிழங்கின் மஞ்சள், அரிதாரம், செங்காவி. இவற்றோடு பகற்பூ எனப்படும் ஒரு செடியின் மெல்லிய நீலமும் உண்டு. உதமாரோ படத்தைப் படியெடுப்பவர் பிரஷ்ய நீலத்தைத் தொடக்கூடாது. அது ஜப்பானிய அச்சுகளில் பெருகியது 1820களின் இறுதியில், உதமாரோ இறந்தது 1806இல். எய்சென் படம் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், அவர் அந்த நீலத்தை மட்டுமே கொண்டு முழுப் படங்களும் செய்தவர். பழைய சாயங்களே வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். குசும்பாச் சிவப்பும் பகற்பூ நீலமும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதே நிறம் தரும் நிலையான நீர்வண்ணத்தைப் பயன்படுத்திவிட்டு, அதைச் சொல்லிவிடுவது நல்லது.

முகத்துக்கு என்ன நிறம் பூச வேண்டும்?

எதுவும் பூச வேண்டாம். புதிதாக வரைபவர்கள் நம்ப மறுக்கும் விடை இதுதான். இந்த அச்சுகளில் பெண்ணின் முகம், கழுத்து, கை எல்லாம் பெரும்பாலும் வண்ணம் படாத வெறும் தாள். தாளின் மெல்லிய பழுப்பு வெண்மையும், நாரின் நுண்ணிய மேடுபள்ளமும்தான் தோலாகத் தெரிகின்றன. அங்கே இளஞ்சிவப்பைப் பூசிக் கன்னத்தில் நிழலும் விட்டால், முகம் திரைப்பட விளம்பரத் தட்டியில் இருப்பதைப்போல ஆகிவிடும்.

உதமாரோவின் அரையுருவப் படங்களில் முகம் அப்படி ஒளிர்வதற்கு இன்னொரு காரணம் பின்புலம். காக்கைப்பொன் எனப்படும் அபிரகத்தைப் பொடித்துப் பசையில் கலந்து பின்புலம் முழுவதும் இட்டிருப்பார்கள். தாளைச் சற்றே சாய்த்தால் அது வெள்ளியாக மின்னும். முகம் மட்டும் மின்னாமல் மங்கலான வெண்மையாக நிற்கும். ஒளிப்படத்தில் இந்த மின்னல் வெறும் சாம்பல் நிறமாகவே பதிவாகிறது. திரையைப் பார்த்துப் படியெடுப்பவர்கள் அதனால்தான் பின்புலத்தைச் சாம்பல் வண்ணத்தால் நிரப்பிவிடுகிறார்கள்.

பட்டில் வரைந்த நிகுஹித்சு ஓவியத்தைப் படியெடுத்தால் கதை வேறு. அங்கே சிப்பியை அரைத்துச் செய்த வெண்சுண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசித்தான் முகத்தின் வெண்மையை எழுப்புவார்கள்.

கூந்தலை எப்படி வரைவது?

பொறுமையாக. செதுக்கும் பட்டறையில்கூட முகத்தையும் கூந்தலையும் தலைமைச் செதுக்குநர்தான் வெட்டுவார். உடையும் பிறவும் மாணவர்களுக்குப் போகும். நெற்றியோரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மூன்று முடிகள் தனித்தனியாக நிற்கும்படி மரத்தை வெட்டினார்கள் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

வரைவதற்கு மென்ஸோ எனப்படும் நீண்ட, ஒல்லியான தூரிகை வேண்டும். நெற்றியோரத்திலிருந்து கொண்டையை நோக்கி இழுக்க வேண்டும். தொடங்கும் முனை கூராகவும் போகப்போகச் சற்றுப் பருத்தும் சென்று கருமைக்குள் கலக்க வேண்டும். 1790களின் படங்களில் காதருகே கூந்தல் விளக்குக்கூடுபோல் அகன்று நிற்கும். திமிங்கில வாய்த்தகட்டில் செய்த ஒரு சட்டத்தின் மேல் முடியைப் பரப்பி நிறுத்திய அலங்காரம் அது. அந்தப் பகுதியில் முடிக்கு இடையே பின்புலம் தெரிய வேண்டும். அவசரப்பட்டு மையால் நிரப்பினால் மூலத்தில் காற்றோட்டமாக நின்ற கூந்தல் தொப்பியாகிவிடும். நான் ஒரு முகத்தை முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிக்கு மேல் காதோரத்து இரண்டு விரற்கடை இடத்திலேயே போய்விடும்.

கோட்டின் மேல் வண்ணம் ஏறிக் கோடு மங்குகிறதே?

கோட்டை ஒட்டி, ஆனால் கோட்டைத் தொடாமல் வண்ணம் இடும் ஒரு பழக்கம் ஜப்பானிய ஓவியத்தில் உண்டு. அது கைவராத இடங்களில் வண்ணம் உலர்ந்த பிறகு கோட்டை மறுபடி ஒருமுறை மேலெழுதலாம். முகத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இரண்டாவது கோடு முதலாவதன் மேல் மிகச் சரியாக விழவே விழாது.

அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் நிறம் மாறுகிறது. எதை நம்புவது?

ஒரே படத்தின் இரண்டு தாள்களில் ஒன்றில் ஊதாவாக இருக்கும் மேலங்கி மற்றொன்றில் பழுப்பாக இருக்கும். அச்சிடும்போதே நிறத்தை மாற்றியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வெளிச்சம் தின்றதுதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் 6,500 அளவிலான அச்சுகளைக் கொடுத்தபோது, அவற்றைக் காட்சிக்கு வைக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். பொதுமக்களுக்குக் காட்டாத கொடை என்ன கொடை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதன் பயனாக அங்கே பகற்பூ நீலமும் அதிலிருந்து கலந்த ஊதாவும் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றின் மின்படிகளை யாரும் பார்க்கலாம். ஒரு படத்தைப் படியெடுக்கும் முன் அதன் தாள் அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

மங்கிய நிறத்தையே வரையலாமா என்றும் கேட்கிறார்கள். வரையலாம். ஆனால் புதுத்தாளில் தேயிலை நீரைப் பூசிப் பழமை ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. படி என்ற எல்லையைத் தாண்டிப் போலிக்குப் போகும் முதல் அடி அங்கேதான் வைக்கப்படுகிறது.

படிகளில் அடிக்கடி காணும் பிழைகள் எவை?

மிகப் பெரிய பிழை கழுத்துப்பட்டையில் நடக்கிறது. கிமோனோவில் உடுத்தியவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இணையத்தில் இடவலம் மாறிப் புரட்டப்பட்ட படங்கள் ஏராளம். அவற்றைப் பார்த்து வரைந்தவர் அறியாமலேயே உயிருள்ள அழகிக்குப் பிணக்கோலம் உடுத்திவிடுகிறார். எழுத்துகள் திருப்பிக் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே இதைத் தவிர்க்கலாம், ஆனால் எழுத்தை வெட்டிவிட்டுத்தான் பலர் படத்தைப் போடுகிறார்கள்.

அடுத்தது உதடு. எய்சென், குனிசதா ஆகியோரின் 1820களை ஒட்டிய படங்கள் சிலவற்றில் கீழுதடு பச்சையாக இருக்கும். அச்சுப்பிழை என்று எண்ணிச் சிவப்பாக்கிவிடுகிறார்கள். குசும்பாச் சாயத்தை அடர்த்தியாகப் பூசினால் வண்டின் சிறகுபோல் பச்சை மினுமினுக்கும். விலை மிகுந்த சாயத்தை அவ்வளவு தாராளமாகப் பூசிக்கொள்வதே அன்றைய பகட்டு. புருவம் மழித்த முகமும் கறுத்த பற்களும் திருமணமானவள் என்பதற்கு அடையாளம். அவற்றுக்குப் புருவம் எழுதிப் பல் வெளுக்க வைத்த படிகளையும் பார்த்திருக்கிறேன். இடைக்கச்சை முன்புறம் முடிந்திருந்தால் பெரும்பாலும் கணிகை. அதை அழகுக்காகப் பின்னால் தள்ளக்கூடாது.

முதலில் எந்தப் படத்தை எடுப்பது?

உதமாரோவின் 'பொப்பென் ஊதும் பெண்' எல்லாரும் விரும்பும் படம்; 1955இல் அஞ்சல்தலையாகவும் வந்தது. சிவப்பு வெள்ளைக் கட்டமிட்ட நீண்ட கைச்சட்டை, அதன் மேல் செர்ரிப் பூக்கள், வாயில் கண்ணாடி ஊதுகுழல். பார்க்க எளிமையாகத் தோன்றும். ஆனால் கட்டங்கள் துணியின் மடிப்பைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் தட்டையாக ஓடுகின்றன. முப்பரிமாணத்துக்குப் பழகிய கை அவற்றை வளைத்துவிடத் துடிக்கும். ஆகவே அதை இரண்டாம் படமாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு ஹாருனோபுவின் சிறிய உருவங்கள் நல்லவை: மெலிந்த உடல், குறைந்த கோடு, கூந்தலும் எளிது. அளவை மாற்றாமல் மூலத்தின் அளவிலேயே வரையுங்கள். உதமாரோ பயன்படுத்திய ஓபான் தாள் ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர். கோட்டின் தடிமன் அந்த அளவுக்காக எண்ணியது.

வாங்கும்போது உண்மையில் கையால் வரைந்ததா என்று எப்படி அறிவது?

பூதக்கண்ணாடி ஒன்று போதும். சீரான புள்ளிக்கூட்டம் தெரிந்தால் இயந்திர அச்சு. கான்வாஸ் படத்தில் தூரிகைத் தடம் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள்; அச்செடுத்த துணியின் மேல் நிறமற்ற கூழைத் தூரிகையால் தடவித் தடம் உண்டாக்கும் வழக்கம் உண்டு. தடம் ஒரு திசையிலும் படத்தின் கோடு வேறு திசையிலும் போனால் அது கூழ்தான்.

தாளைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மரப்பலகை அச்சு என்றால் பின்புறம் வண்ணம் ஊறியிருக்கும். மூங்கில் உறை சுற்றிய பாரென் என்னும் வட்டுத் தேய்ப்பான் ஓடிய வளையத் தடங்களும் தெரியலாம். கைவரைப் படியில் இவை இரா. மாறாக, முன்புறத்தில் பரந்த ஒரே நிறப்பகுதியில் தூரிகை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓரங்கள் மெலிதாகத் தெரியும். விற்பவர் அவற்றைக் குறை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டால், அவர் நேர்மையாளர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செலவழித்துப் படி வாங்குவதை விட மறுசெதுக்கு அச்சு மேல் இல்லையா?

உங்களுக்கு வேண்டியது 1793இல் கடையில் தொங்கிய பொருளுக்கு மிக நெருக்கமான ஒன்று என்றால், ஆம், மறுசெதுக்கு அச்சுதான் மேல். வண்ணமில்லாமல் தாளை அழுத்தி வெண்பட்டின் நெசவைக் காட்டும் புடைப்பு வேலையைத் தூரிகையால் செய்யவே முடியாது. மேலும் அந்தத் தாள்கள் தம் காலத்தில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸை ஒட்டிய விலைக்கு விற்ற மலிவான பொருள்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கைவரைப் படியை வாங்குபவர் வாங்குவது ஒருவர் அந்தப் படத்தை எப்படிப் படித்தார் என்பதை. இதை விரும்பாதவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

எடோ காலத்து ஓவியர்கள் எவருக்கும் இப்போது காப்புரிமை இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலையைப் புதுப்பித்த ஷின்-ஹாங்கா ஓவியர்களிடம்தான் கவனம் வேண்டும். 'தலைவாரும் பெண்' வரைந்த ஹஷிகுச்சி கோயோ 1921இல் மறைந்தவர், சிக்கல் இல்லை. இட்டோ ஷின்சுய் 1972இலும் தோரி கொதோந்தோ 1976இலும் மறைந்தவர்கள். ஜப்பானில் காப்பு ஓவியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை, இந்தியாவில் 60 ஆண்டுகள் வரை. ஆகவே ஷின்சுய் படங்களுக்கு ஜப்பானில் 2042 இறுதி வரையும் இந்தியாவில் 2032 இறுதி வரையும் காலம் இருக்கிறது. வீட்டில் பழகுவது வேறு, விற்பது வேறு.

படியை எப்படிப் பேணுவது?

வெயில் படாத சுவர், அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறு இடைவெளி. ஜப்பானிய வீடுகளில் சுருள் ஓவியத்தைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றித் தொங்கவிட்டு, மற்ற நாளில் சுருட்டிப் பெட்டியில் வைப்பார்கள். நாமும் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மாட்டி வைத்தால் நிறம் நீடிக்கும்.

மூலத்திலிருக்கும் கையொப்பத்தையும் முத்திரைகளையும் வரையலாமா?

அச்சின் ஓரத்தில் ஓவியர் பெயர், பதிப்பாளர் சின்னம், 1790க்குப் பின் வந்தவற்றில் தணிக்கை முத்திரை ஆகியவை இருக்கும். அவை படத்தின் அமைப்பிலும் பங்கெடுக்கின்றன. எடுத்துவிட்டால் அந்த மூலை காலியாகத் தெரியும். அதனால் வரைபவர்கள் இரு வழியாகப் பிரிகிறார்கள். எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, அழிக்க முடியாத மையால் படி என்று தாளிலேயே குறிப்பவர்கள் ஒரு சாரார். கையொப்பத்தை எழுதாமலே விடுபவர்கள் மறு சாரார். கையொப்பத்தை வரைந்துவிட்டுப் படி என்று குறிக்காமல் விடுவது மோசடிக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். இன்று நீங்கள் நண்பருக்குக் கொடுத்த தாள் நாளை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. உதமாரோவே தம் நாளில் எறும்புக்கூட்டமாகப் பெருகிய போலிகளைத் தம் படங்களிலேயே எழுதிச் சாடினார். சில தாள்களில் தம் பெயருக்கு முன் 'மெய்யான' என்ற சொல்லைச் சேர்த்துக் கையொப்பமிட்டார்.

நான் இரண்டாம் வழியில் போகிறேன். அவர் வழக்கமாக இட்ட கையொப்பம் 'உதமாரோ ஹித்சு'. ஹித்சு என்றால் தூரிகை. உதமாரோவின் தூரிகை என்று பொருள். அவருடைய தூரிகை தொடாத தாளில் அச்சான அந்தச் சொல்லை, என் தூரிகை தொட்ட தாளில் நான் எப்படி எழுதுவது என்ற தயக்கம் எனக்குத் தீரவில்லை. ஆகவே அந்த மூலையில் எழுத்து இருந்த அளவுக்கு மெல்லிய செங்காவிப் பட்டை ஒன்றை மட்டும் இடுகிறேன். தாளின் பின்புறத்தில் மூலத்தின் பெயர், எந்த அருங்காட்சியகத்தின் தாளைப் பார்த்தேன், எந்த வண்ணங்களைப் பழைய சாயத்துக்கு மாற்றாகப் பயன்படுத்தினேன், எந்த நாளில் முடித்தேன் என்பவற்றைத் தமிழில் எழுதிக் கையொப்பமிடுகிறேன்.